கதவடைத்தவர் யார்?

கதவைத் தாழிட்டு வாழ்ந்த நாடு கறைபடாத நாடு. வழிப்போக்கன் கால் படாத மலையூர் களங்கமறியாத ஊர். இப்படி எண்ணி மகிழ்ந்திடுவோர் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். மேடையிலே அவர்கள் முழங்கிடக் கேட்டிருப்பீர்கள். "ஜப்பானைப் பாரீர்! இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நியனை அண்டவிடாது கதவடைத்தான். தன் மொழியைக் காத்தான், தன் உடையைக் காத்தான், தன் கலையைக் காத்தான். கதவு திறந்த நாற்பதே ஆண்டுகளில் வல்லரசுகளின் வரிசையிலே போய் அமர்ந்தான்!" என்பார்கள். அதே மூச்சில், "அவ்வளவு தொலைவு போவானேன்? நம் கோடைமலைக்கு ஏறிப் பாருங்கள். நாகரிகம் தீண்டாத மக்கள், பொய்யறியாத நெஞ்சு!" என்றும் கூறிடுவார்கள். கூறிவிட்டுக் கீழே இறங்கி, மகிழுந்தில் ஏறி, மதுரைக்குப் போய்விடுவார்கள்.

கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு பயிலுவோனுக்கு வேறு சில கேள்விகள் எழுகின்றன. கதவு அடைக்கப்பட்டது, சரி, அடைத்தவர் யார்? அடைபட்டவர் யார்? தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது? சாவி எவர் மடியில் கிடந்தது? இந்தக் கேள்விகளோடு முதலில் ஜப்பானுக்குச் சென்று, பிறகு நம் பழனிமலைத் தொடருக்குத் திரும்புவோம். திரும்புவதற்காகவே போகிறோம் என்பதை மறந்திடலாகாது.

ஜப்பானியர் பிறவியிலேயே கதவடைத்தவர்கள் அல்லர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய வணிகக் கப்பல்கள், ஆட்சியாளரின் செம்முத்திரை பதித்த உரிமச்சீட்டுடன், வியட்நாமுக்கும் சயாமுக்கும் பிலிப்பைன்சுக்கும் ஓடின. சயாமின் தலைநகரான அயூத்தியாவில் ஜப்பானியர் குடியிருப்பு ஒன்றே இருந்தது. அந்தக் கால்களில்தான் விலங்கு பூட்டப்பட்டது. 1633 முதல் 1639 வரை தோக்குகவா ஆட்சி அடுத்தடுத்துக் கட்டளைகள் பிறப்பித்தது. 1635ஆம் ஆண்டுக் கட்டளை சொல்லிற்று: ஜப்பானியன் எவனும் கடல் கடக்கலாகாது, கடந்தவன் திரும்பினால் கொலைத்தண்டனை! அயூத்தியாவில் கடை வைத்திருந்தவன் தாய்முகம் காண வந்தாலும் தலை போகும். 1639இல் போர்ச்சுகீசியர் விரட்டப்பட்டனர். மறு ஆண்டு, முடிவை மாற்றிட வேண்டி மக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவினர் 61 பேர் நாகசாக்கியில் தலை வெட்டப்பட்டனர். 1641இல் டச்சுக்காரர், தெஜிமா என்ற செயற்கைத் தீவில் அடைக்கப்பட்டனர். அதன் நீளம் ஏறத்தாழ 120 மீட்டர், அகலம் 75 மீட்டர். ஊர்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடல் இரண்டைச் சேர்த்தால் முடிந்தது!

எதற்காக இவ்வளவும்? பண்பாட்டைக் காத்திடவா? இல்லை. மேற்குக் கரையிலிருந்த குறுநிலத் தலைவர்கள் அயல் வணிகத்தால் பொருளும் துப்பாக்கியும் சேர்த்துவிட்டால் தன் பீடம் ஆட்டங்காணும் என்று தோக்குகவா குடும்பம் அஞ்சியது. புதிய மதம் புகுந்த குடிகள் எங்கோ இருக்கும் மற்றொரு தலைவனுக்குத் தலை வணங்கிடுவர் என்று அஞ்சியது. 1637இல் சிமாபாராவில் வரிச்சுமையாலும் மதக் கொடுமையாலும் வெதும்பிய உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அந்த அச்சம் வெறியாயிற்று. நாடு கதவடைத்தது என்கிறோம். இல்லை தோழர்களே, ஆட்சி கதவடைத்தது. நாடு உள்ளே அடைபட்டது.

அடைபட்டவரை எண்ணிக் கணக்கெடுக்கும் வேலை யாரிடம் ஒப்படைக்கப்பட்டது தெரியுமோ? கோவிலிடம்! ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு புத்தக் கோவிலில் பெயர் பதிந்தாக வேண்டும். இவன் கிறித்தவன் அல்லன் என்று துறவி சான்று தந்தாக வேண்டும். ஆசையை விடச் சொன்ன அண்ணல் புத்தரின் பெயரால் எழுந்த மடம், அரசாங்கத்தின் காவல் நிலையமாயிற்று. துறவியின் முத்திரை இருந்தால் நீ குடிமகன், இல்லையேல் ஐயத்துக்குரியவன். மதமும் மணிமுடியும் கைகோத்தால் என்ன விளையும் என்பதற்கு நாம் ஐரோப்பாவையே மேற்கோள் காட்டிப் பழகிவிட்டோம். கிழக்கிலும் உண்டு சான்று.

இதிலே ஒரு வேடிக்கை. 'நாட்டை அடைத்தல்' என்று பொருள்படும் 'சகோக்கு' என்ற சொல்லையே அந்த நாட்டார் அப்போது அறியார். கெம்பர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிய நூலின் பகுதியை டச்சு வழியாக மொழிபெயர்த்த சிசுக்கி தாதாவோ, 1801இல் ஆக்கிய சொல் அது. கதவு அடைபட்டிருக்கிறது என்பதைச் சொல்லிடக்கூட வெளியிலிருந்து ஒரு புத்தகம் உள்ளே வர வேண்டியிருந்தது! கதவும் முழுக்க அடைபட்டதன்று. நாகசாக்கியில் டச்சுக்காரரும் சீனரும், சுசிமா வழியே கொரியரும், சத்சுமா வழியே ரியூக்கியுத் தீவினரும், மத்சுமே வழியே வடக்கத்து ஐனு மக்களும் வணிகம் செய்தனர். அடைத்தது ஊருக்கு; திறந்தது அதிகாரத்துக்கு வேண்டியவருக்கு.

நடுநிலை தவறாது இதையும் சொல்லியாக வேண்டும். அந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் பெரும்போர் இல்லை. எதோ நகரம் பத்து லட்சம் மக்களைக் கொண்ட பெருநகராய் வளர்ந்தது. கோவில் வளாகங்களிலும் வீடுகளிலும் நடந்த சிறு பள்ளிகளில் வணிகர் பிள்ளையும் உழவர் பிள்ளையும் எழுத்தும் கணக்கும் கற்றனர். ஆகவே உள்ளே இருந்த அனைவருக்கும் இருள் என்று கூறிடேன். யாருக்கு இருள் என்பதுதான் கேள்வி.

சமூகம் நான்கு தட்டாக நின்றது: போர்வீரர், உழவர், கைவினைஞர், வணிகர். தட்டுக்கும் வெளியே சிலர் நின்றனர். செத்த மாட்டைத் தூக்குவோர், தோல் பதனிடுவோர், கொலைக்களத்தில் பணி செய்வோர். அவர்களுக்கு 'ஏத்தா' என்று பெயர். எழுதுகின்ற எழுத்துகளுக்கு 'அழுக்கு மிகுந்தவர்' என்று பொருள். 'ஹினின்' என்று மற்றொரு வகுப்பார். 'மனிதர் அல்லாதார்' என்று பொருள். தனிச்சேரி, தனி உடை, தனிச் சுடுகாடு. படிக்கின்ற தமிழனுக்கு விளக்கவுரை வேண்டுமா என்ன! வாயில் திறந்திருந்த நாளில் ஓரளவு நெகிழ்ந்து கிடந்த வேற்றுமை, வாயில் அடைபட்டபின் பிறப்பால் வருவதென்று ஏட்டிலே எழுதி இறுக்கிக் கட்டப்பட்டது. அடைத்த பானையில்தான் புளிப்பு மிகும்.

1771ஆம் ஆண்டு நிகழ்ந்தது ஒன்றை இளைஞர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். சுகிதா கென்பாக்கு, மயேனோ ரியோத்தாக்கு என்ற இரு மருத்துவர்கள், தெஜிமா வழியே வந்த டச்சு உடற்கூற்று நூலொன்றைக் கையிலேந்தி எதோ நகரத்துக் கொலைக்களத்துக்குச் சென்றனர். தண்டனை பெற்று இறந்த பெண்ணொருத்தியின் உடல் அன்று அறுக்கப்பட இருந்தது. சீனத்து மருத்துவ ஏடுகளை அவர்கள் முன்னோர் நூற்றாண்டுகளாக ஓதி வந்தனர். நுரையீரலுக்கு இத்தனை இதழ், ஈரலுக்கு இத்தனை மடல் என்று மனப்பாடம் செய்திருந்தனர். உடலைத் திறந்து பார்த்தால் ஏட்டிலுள்ளது ஒன்றும் இல்லை. டச்சுப் படத்திலுள்ளது அப்படியே இருக்கிறது! இரு மருத்துவரும் வெட்கித் திரும்பினர்; மறுநாளே மொழிபெயர்ப்பில் இறங்கினர். 1774இல் 'கைத்தாய் சின்சோ' என்ற நூல் வெளிவந்தது. ஜப்பானின் புதிய மருத்துவம் அதிலே தொடங்குகிறது.

சரி, அன்று உடலை அறுத்து, "இது இதயம், இது ஈரல், இது பித்தப்பை" என்று எடுத்துக் காட்டியவர் யார்? மருத்துவர்கள் அல்லர், அவர்கள் தொடுவது வழக்கமில்லை. தீண்டத்தகாத வகுப்பைச் சேர்ந்த 90 வயது முதியவர் ஒருவர். இளமை முதல் எத்தனையோ உடல்களை அறுத்தவர். பெயர் தெரியாத உறுப்புகளையும் சுட்டிக்காட்டி, "இவை எப்போதும் இங்கேதான் இருக்கின்றன, இதுவரை வந்த மருத்துவர் எவரும் இது என்னவென்று கேட்டதில்லை" என்ற பொருளில் அவர் சொன்னதைச் சுகிதாவே முதுமையில் எழுதிய நினைவுநூலில் குறித்துள்ளார். என்னே நிலைமை! உண்மை கைக்கெட்டும் தொலைவில், சேரியில் இருந்தது. ஓதியவன் கேட்கவில்லை, அறிந்தவனை எவனும் கேட்கவில்லை. கடலிலே போட்ட சுவரைவிடத் தெருவிலே போட்ட சுவர் அன்றோ உயரம்!

இனி நம் மலைக்கு வருவோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்ட கைபோலக் கிடக்கிறது பழனிமலைத் தொடர். அதன் தென்சரிவிலே, பெரியகுளத்துக்கும் கோடைக்கானலுக்கும் இடையே, அடுக்கம் என்றொரு சிற்றூர். 'அடுக்கம்' என்பது சங்கச் சான்றோர் கையாண்ட சொல். பாறை அடுக்கிய மலைச்சாரலுக்குக் குறிஞ்சிப் புலவர் இட்ட பெயர். ஈராயிரம் ஆண்டுச் சொல் ஒன்று இங்கே ஊர்ப்பெயராய் நின்றிருப்பதைக் காட்டி, "பார்த்தீரா, தனித்திருந்ததால் தமிழ் பிழைத்தது!" என்பார் உண்டு. பிழைத்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் இந்த மலை அந்தச் சங்க நாளிலே தனித்திருந்ததா?

மண் சொல்லுகிறது, இல்லையென்று! பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் பொருந்தல் என்ற ஊரில் பேராசிரியர் கா. ராஜன் 2009இலும் அடுத்தும் அகழாய்வு நடத்தினார். கல்லறைக்குள் ஒரு தாழி நிறைய நெல், 'வயிர' என்ற சொல் பொறித்த புரிமனை, கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள். நெல்லின் காலம் கி.மு. 490 என்று கரிமக் கணிப்பு தெரிவித்தது. எழுத்தின் தொன்மை பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு, நடக்கட்டும். சூதுபவளம் பற்றி வாதமில்லை. அந்தக் கல் பழனிமலையில் விளைவதன்று. வடக்கே குசராத்திலிருந்து வணிகர் கை மாறி மாறி வந்தது. மலையேறித் தாண்டிக்குடிக்குப் போனால் அங்கும் பெருங்கற்காலக் கல்லறைகள், அங்கும் மணிகள். தொடர் முழுவதும் கிடக்கும் கல்திட்டைகளை அளந்து, ஆங்கிலேடு பாதிரியாரும் நியூட்டனும் 1928இல் தொல்லியல் துறைக்காக ஒரு நூலே எழுதினர். சேர நாட்டு மிளகும் கொங்கு நாட்டுக் கல்லும் பாண்டிய நாட்டு முத்தும் இந்த மலையடிவாரத்து வழிகளிலே கடந்தன. அன்றைய பழனிமலை மூலையன்று, சந்தி.

சந்தி எப்படி மூலையாயிற்று? இங்கே தோக்குகவா எவனும் கட்டளை எழுதவில்லை. பெருவழிகள் மாறின, கடல் வணிகம் துறை மாறிற்று, கீழ்ச்சரிவுக் காட்டில் மலைக்காய்ச்சல் காவல் நின்றது. கோவைச் சீமையிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன்பு பஞ்சத்துக்கோ போருக்கோ அஞ்சி ஏறி வந்த வெள்ளாண்மைக் குடியினர் மேல்மலையில் படிக்கட்டுப் படிக்கட்டாய் வயலமைத்தனர். குன்றிலே வாழ்ந்ததால் குன்னுவர் எனப்பட்டனர். 1868இல் மதுரை மாவட்டக் கையேடு எழுதிய நெல்சனும், 1906இல் மாவட்டக் குறிப்பேடு எழுதிய பிரான்சிசும் கூறுவது இது: அவர்களுக்கு முன்பே மலையில் வாழ்ந்திருந்தவர் புலையர், வந்தவர் நிலமுடையோராயினர், இருந்தவர் பண்ணையடிமைகளாயினர்.

எண்ணிப் பாருங்கள்! அவ்வளவு உயரம் ஏறி, அவ்வளவு காடு கடந்து, காய்ச்சலைத் தாண்டி, புதுமண் தேடி வந்த மனிதன் தலைச்சுமையில் என்னென்ன கொணர்ந்தான்? விதை கொணர்ந்தான், கலப்பைக் கொழு கொணர்ந்தான், ஏற்றத்தாழ்வையும் பொட்டலம் கட்டிக் கொணர்ந்தான். கீழே அது நூறு தொழில், நூறு சந்தை, நூறு வழக்கிடையே கிடந்தது. மேலே, ஓடிப்போக வேறு ஊரில்லாத இடத்திலே, கூலிக்கு வேறு முதலாளி இல்லாத இடத்திலே, அது முழு ஆட்சி நடத்திற்று. இன்றைய குன்னுவக் குடியினரைப் பழித்திட இதனைக் கூறவில்லை. அவர்கள் பிள்ளைகளும் என் வகுப்பில் ஒரே விசிப்பலகையில் அமர்கிறார்கள். அடைபட்ட இடத்தில் ஆதிக்கம் எப்படி முற்றுகிறது என்று காட்டவே கூறுகிறேன்.

நெல்சன் குறிக்கும் மற்றொரு வழக்கமும் அக்காலத்து மனத்தைக் காட்டும். ஆண்வாரிசு இல்லாத வீட்டிலே சொத்து மகளுக்கு வந்தால், அவள் வயதுவந்த ஆடவனை மணக்கலாகாது. ஒரு சிறுவனுக்கோ, அல்லது தந்தை வீட்டின் ஒரு பகுதிக்கோ மணமுடித்து வைப்பார்கள்! பிறகு தன் குலத்தில் எவரோடு கூடி மகப்பெற்றாலும் அந்த மகவுக்கே நிலம் சேரும். பெண்ணுக்கு வீடு சொந்தமா, வீட்டுக்குப் பெண் சொந்தமா? "மலைப்பெண்ணுக்கு இருந்த உரிமை பாரீர்" என்று இதையும் மெச்சுவார் உண்டு. உரிமை அவளுக்கன்று, நிலத்துக்கு. நிலம் வீட்டைவிட்டுப் போகலாகாது, அவ்வளவே. ஜப்பானிலும் மகனில்லாத வீடு மருமகனை மகனாகத் தத்தெடுத்து வீட்டுப் பெயரைக் காத்தது. தனிமனிதன் சிறிது, 'வீடு' பெரிது என்ற அந்தக் கொள்கையை 1898ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் பொறித்தது. 1947இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயர்தான் கொள்ள வேண்டும் என்ற விதி நின்றது. 2015இலும் 2021இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பெயரை விடுபவர் பெரும்பாலும் யாரென்று நான் எழுதவும் வேண்டுமோ!

நம் மலைக்கதவைத் தட்டிய முதல் அந்நிய அதிகாரி லெப்டினண்ட் வார்டு. 1821இல் வெள்ளகவி என்ற மலையூரைத் தலைமையிடமாகக் கொண்டு அளக்க வந்தவர், மேலே ஏறத்தாழ 4,000 மக்கள் ஒழுங்கான ஊர்களில் வாழ்வதாக எழுதினார். 1834இல் மதுரைத் துணை ஆட்சியர் ராட்டன் செண்பகனூரில் குடில் கட்டினார். 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் கோடைக்கானலில் இரண்டு வீடுகள் எழுப்பினர். ஜப்பானுக்குப் பெரி என்ற அமெரிக்கக் கடற்படைத் தலைவன் 1853இல் பீரங்கிக் கப்பலோடு வந்தான். இங்கு பீரங்கி தேவைப்படவில்லை, வெயில் போதுமானதாயிருந்தது. சமவெளி வெயிலுக்கு அஞ்சிய வெள்ளையன் குளிர் தேடி ஏறினான்.

ஏறினான் என்றா சொன்னேன்? ஏற்றப்பட்டான்! பெரியகுளத்துக்கருகே கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து மேலே போன பாதைக்கு அவர்களே இட்ட பெயர் 'கூலி காட்'. பத்து மைலுக்கு மேற்பட்ட செங்குத்து வழி. துரையும் துரைசானியும் அவர்தம் குழந்தைகளும் நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்திருக்க, கருத்த தோள்கள் சுமந்தன. பெட்டி, படுக்கை, பியானோ முதலாக மேலே போனதெல்லாம் மனிதத் தலையிலும் தோளிலும் போனது. வண்டி ஓடும் சாலை 1910-களில்தான் முடிந்தது. அதை வகுத்த மேஜர் லாவின் பெயரால் இன்றும் அது 'லாஸ் காட் ரோடு'.

ஆனால் வரலாறு நம் விருப்பப்படி நல்லவன் தீயவன் என்று பிரித்துக் கொடுப்பதில்லை. காப்பித் தோட்டக்காரன் ஏறி வந்தான், அவனுக்கு ஆள் தேவை, காசு கொடுத்தான். மலையிலே முதன்முறையாகப் பண்ணையடிமைக்கு மற்றொரு வாசல் தெரிந்தது. வெள்ளையன் விடுதலை தர வந்தவனல்லன். கொட்டை பறிக்க வந்தவன். ஆயினும் இரண்டாவது முதலாளி வந்த நாளிலேதான் முதலாவது முதலாளியின் பிடி தளர்ந்தது. கதவு திறந்த வழியே நன்மையும் நுழையும், சுரண்டலும் நுழையும். அடைத்தே இருந்திருந்தால் சுரண்டல் இல்லாதிருந்திருக்கும் என்பாரே, அவர்கள் உள்ளே ஏற்கனவே இருந்ததை எண்ணுவதில்லை.

பழியர் கதை வேறு. தேனும் கிழங்கும் தேடிக் காட்டில் வாழ்ந்த மக்கள். இவர்கள்தாம் 'நாகரிகம் தீண்டாதவர்' என்று சுற்றுலாப் பயணி படமெடுத்துக்கொள்ளும் மக்கள். 1962 முதல் இவர்களிடையே பல காலம் தங்கி ஆராய்ந்த பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலார் கண்டது வேறு. தேனும் மெழுகும் கொடுத்துச் சமவெளியோடு இவர்கள் நெடுங்காலம் பண்டமாற்று செய்தவர்கள். கூலி வேலைக்கு வருவார்கள், ஒவ்வாதபோது காட்டுக்குத் திரும்புவார்கள். இரண்டு வாழ்க்கையும் இவர்களுக்குத் தெரியும். ஒருவர் மற்றவரை ஏவுவதில்லை; கணவன் மனைவியை அடக்குவதில்லை; சண்டை மூளும்போலிருந்தால் எழுந்து போய்விடுவார்கள். வலியவன் வந்தால் விலகு என்பது அவர்களின் தற்காப்பு. அறியாமையால் ஒதுங்கவில்லை, அறிந்தே ஒதுங்கினார்கள்! 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் வந்து காட்டுக்கே வேலி போட்டது. விலகிச் செல்ல இருந்த இடமும் அரசாங்கச் சொத்தாயிற்று. 2006இல் வன உரிமைச் சட்டம் பிறந்தது. 2013இல் கோடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. உரிமைத்தாள் ஒரு கையில், வேலி மறு கையில்.

இந்தப் பழைய ஒதுங்கலின் எச்சத்தை நான் பாடஞ் சொல்லும் மலைப்பள்ளியில் ஒவ்வொரு வாரமும் காண்கிறேன். பழியர் வீட்டுச் சிறுவனை உரத்த குரலில் அதட்டிவிட்டால் அவன் எதிர்த்துப் பேசமாட்டான், அழமாட்டான்; மறுநாள் வரமாட்டான். வருகைப் பதிவேடு அதற்கு 'இடைநிற்றல்' என்று பெயர் சூட்டும். கல்வித்துறைக் கணக்கில் அது குடும்பத்தாரின் அக்கறையின்மை. பல தலைமுறை கற்ற பாடத்தையல்லவா அந்தப் பிள்ளை ஒப்பிக்கிறான்! தாழ்ந்த குரலில் பேசும் ஆசிரியர் இருக்கும் பள்ளிகளில் அந்தப் பிள்ளைகள் தங்குகிறார்கள். நான் கண்டது இது.

கதவு திறந்த பிறகும் சுவடு மறையாது என்பதற்கு ஜப்பானே சான்று. 1868இல் புதிய ஆட்சி வந்தது. 1871இல் 'ஏத்தா', 'ஹினின்' என்ற பெயர்களை ஒழித்து அனைவரும் சமம் என்று ஆணை பிறந்தது. என்ன நடந்தது? பதிவேட்டில் அவர்களைப் 'புதிய குடிமக்கள்' என்று குறித்தார்கள். பழைய வேலி போயிற்று, 'புதிய' என்ற சொல்லே வேலியாயிற்று! 1873இல் மிமாசாக்கா வட்டாரத்தில் அவர்களுடைய வீடுகள் கொளுத்தப்பட்டன, உயிர்கள் பறிக்கப்பட்டன. 1922இல் கியோத்தோவில் கூடிச் 'சுயிகெய்ஷா' என்ற சமத்துவக் கழகம் கண்டார்கள். அதற்கும் அரை நூற்றாண்டு கழித்து, 1975இல் ஓர் இழிவு அம்பலமாயிற்று: அந்த மக்கள் வாழும் ஊர்ப்பெயர்களை எல்லாம் தொகுத்து, இரகசியப் பட்டியலாக அச்சிட்டு, பெருநிறுவனங்களுக்கு விற்றிருந்தார்கள், வேலைக்கு மனுப்போட்டவன் எந்த ஊரான் என்று பார்த்துத் தள்ளிவிட! மின்தொடர்வண்டி ஓடும் நாடு, கணிப்பொறி செய்யும் நாடு. 2016இல் இந்த வேற்றுமையை ஒழிக்கவென்று தனியாக மீண்டும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1871க்கும் 2016க்கும் இடையே எத்தனை ஆண்டு என்று கணக்கு வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள்.

நாம் சிரித்திடலாகாது. 1950இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டங்களுக்கு இங்கும் பஞ்சமில்லை. வார்டு தங்கியிருந்த வெள்ளகவியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரின் வெளியுலக வரலாறு எந்த ஊரில் தொடங்கியதோ, அந்த ஊர் 200 ஆண்டுகள் கழிந்தும் வண்டிப்பாதைக்குக் காத்திருந்தது. ஊருக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை என்ற அவர்களின் வழக்கத்தை மலையேறும் இளைஞர்கள் வியந்து எழுதுகிறார்கள். பிரசவ வேதனைப்படும் பெண்ணையும் நெஞ்சுவலி கண்ட முதியவரையும் மூங்கிலில் போர்வை கட்டி டோலியாக்கித் தூக்கி இறக்கிய செய்தி நாளேட்டில் மீண்டும் மீண்டும் வந்ததே, அதை வியப்பார் இல்லை. துரையை ஏற்றிச் சென்ற டோலிக்குச் சாலை கிடைத்து நூறாண்டு ஆயிற்று. தூக்கியவன் பேரன் தன் தாயைத் தூக்கியபடி அதே மலைச்சரிவில் நின்றான்.

போகர் சீனத்துக்குப் பறந்து போய் வந்தார் என்று பழனிப் பக்கத்தில் கதை சொல்வார்கள். பூம்பாறைக் கோவிலிலும் அவர் பெயர் வழங்குகிறது. பறந்தாரோ இல்லையோ, பறக்கத் தெரிந்தவருக்குப் பாதை தேவையில்லை. நடக்கிறவனுக்கு வேண்டும். கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்குச் சேரும் சாலை நெடுங்காலம் வெறும் பேச்சாகவே இருந்து, இந்த நூற்றாண்டில்தான் வண்டி ஓடும் பாதையாயிற்று. பெருமழையில் மண் சரிகிறது, பாதை அடைபடுகிறது, பிறகு திறக்கிறது. அந்தச் சாலை வந்தபின் காப்பியும் வாழையும் இறங்குவது எளிதாயிற்று. நிலம் வாங்கிட வெளியூர்க் கார்களும் ஏறுகின்றன. அடுக்கத்தார் இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுகிதாவின் நினைவுநூலில் அந்த 90 வயது முதியவரின் பேரன் பெயர் இருக்கிறது. அன்று அறுக்க வேண்டியிருந்தவன் அவன்தான், நோயுற்றதால் பாட்டன் வந்தார். பாட்டனின் பெயர் இல்லை. நம் மலையிலும் ஏரி வெட்டிய லெவிஞ்சு துரையின் பெயர் இருக்கிறது, சாலை வகுத்த லாவின் பெயர் இருக்கிறது, அளந்த வார்டின் பெயர் இருக்கிறது. கூலி காட்டில் டோலி தூக்கியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. சென்ற ஆண்டு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். பாட்டன் பாட்டியரைக் கேட்டு, அவர்கள் குடும்பத்தில் சுமை தூக்கியவர் பெயரையும், எங்கிருந்து எங்கே தூக்கினார் என்பதையும், என்ன கூலி கொடுத்தார்கள் என்பதையும் எழுதி வரவேண்டும். அதட்டினால் வராத பிள்ளைகளும் இதற்கு வருகிறார்கள். நாற்பது பக்க ஏடு ஒன்று நிரம்பிவிட்டது. இந்த ஞாயிறு பெரியகுளம் இறங்கும்போது இன்னொன்று வாங்க வேண்டும்.